மொழியியலும் ரஷ்யனும் சேர்த்துப் படிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழகத்தில் மொழியியலையும் ரஷ்யனையும் ஒரே பட்டத்தில் சேர்த்துப் படித்தேன். இந்தச் சேர்க்கையை எடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றை உட்கார்ந்து பேச வேண்டும்.

மொழியியல் என்றால் நிறைய மொழிகள் பேசக் கற்றுக்கொள்வதா?

இல்லை. இதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் சேர்ந்து முதல் பருவத்திலேயே மனம் விட்டுப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மொழி பேசுகிறவருக்குத் தெரியாமலே அவருக்குள் இருக்கும் அறிவை வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் மொழியியல். 'பத்து' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'பந்து' என்று சொல்லுங்கள். இரண்டிலும் எழுதுவது ஒரே 'து'. ஆனால் தொண்டையில் விரல் வைத்துச் சொன்னால் 'பந்து'வின் தகரத்தில் அதிர்வு தெரியும், 'பத்து'வில் தெரியாது. இதை யாரும் நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் ஒரு நாளும் மாற்றிச் சொல்வதில்லை. ஏன் என்று கேட்கத் தோன்றினால் இந்தப் படிப்பு உங்களுக்கானது.

ஒலியியல் (ஒலிகள் பிறக்கும் விதம்), ஒலியனியல் (ஒரு மொழிக்குள் ஒலிகள் இயங்கும் அமைப்பு), உருபனியல் (சொல்லின் அமைப்பு), தொடரியல் (வாக்கியத்தின் அமைப்பு), பொருண்மையியல் (பொருள்) ஆகியவை அடிப்படைப் பாடங்கள். மேல் ஆண்டுகளில் சமூக மொழியியல், வரலாற்று மொழியியல், குழந்தைகள் மொழி கற்கும் விதம் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

அதற்கு ஏன் ரஷ்யன்? வேறு எந்த மொழியையும் எடுக்கலாமே?

எடுக்கலாம். எந்த மொழியும் மொழியியலுக்குத் தீனி போடும். ஆனால் ரஷ்யனில் கேள்விகள் மேற்பரப்பிலேயே கிடக்கின்றன. ஒரே ஒரு சோடியைக் காட்டுகிறேன்.

ரஷ்யனில் பூனைக்கு 'கோத்' என்று பெயர். குறியீடு என்ற பொருளில் வரும் சொல்லும் காதில் 'கோத்' என்றுதான் விழும். ஒலிப்பதிவை எத்தனை முறை ஓட்டிக் கேட்டாலும் தனியாகச் சொன்ன சொல்லை வைத்து எது பூனை, எது குறியீடு என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் எழுத்தில் வேறுபாடு உண்டு. பூனையின் கடைசி எழுத்து 'பத்து'வின் தகரம். குறியீட்டின் கடைசி எழுத்து 'பந்து'வின் தகரம். ஒரு வேற்றுமை உருபைச் சேர்த்தால் அந்த வேறுபாடு வாயிலும் வந்துவிடுகிறது. பூனையில் தகரம் அதிர்வில்லாமலே வரும். குறியீட்டில் அதிர்வோடு வரும். சொல்லின் இறுதியில் மட்டும் அதிர்வு அணைந்துபோகிறது.

இப்போது கேள்வி: 'கோத்' என்று குறியீட்டைச் சொல்லும்போது கடைசியில் இருப்பது எந்த ஒலியன், அதாவது சொல்லின் பொருளை மாற்றவல்ல எந்த ஒலி அலகு? மாஸ்கோ ஒலியனியல் பள்ளி என்ற ஆய்வாளர் குழு, அது அதிர்வுள்ள தகரமே என்றது. சொல்லின் மற்ற வடிவங்களில் தெரிவதுதான் அதன் உண்மையான அடையாளம் என்பது அவர்கள் வாதம். லெனின்கிராட் பள்ளி, காதில் விழுவது அதிர்வற்ற தகரம், ஆகவே ஒலியனும் அதுதான் என்றது. ரஷ்ய மொழியியலாளர் நிக்கொலாய் த்ருபெத்ஸ்கோய் இன்னொரு வழி சொன்னார்: அந்த இடத்தில் இரண்டுக்குமான வேறுபாடே செயலிழந்துவிடுகிறது, அங்கே நிற்பது இரண்டுக்கும் பொதுவான ஒன்று. ஒரு பூனையும் ஒரு குறியீடும் மூன்று கோட்பாடுகளை எதிரெதிரே நிறுத்திவிட்டன. காலையில் ரஷ்யன் வகுப்பில் எழுத்துப்பிழையாகத் திருத்தப்பட்டதையே மதியம் ஒலியனியல் வகுப்பில் சான்றாக வைத்து விவாதிக்கிற வாய்ப்பு இந்தச் சேர்க்கையில்தான் எனக்குக் கிடைத்தது.

ரஷ்யன் ஓர் எழுத்துகூடத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் வந்து தொடங்க முடியுமா?

முடியும். ரஷ்யன் கற்பிக்கும் பல பல்கலைக்கழகங்களில் எழுத்திலிருந்து தொடங்குபவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. வேகம் மட்டும் கடுமையாக இருக்கும்; முன்பே படித்து வந்தவர்களை இரண்டு ஆண்டுகளுக்குள் எட்டிப்பிடிக்கிற மாதிரிதான் பாடத்திட்டத்தை அமைத்திருப்பார்கள். சேருமுன் அப்படிப்பட்ட பிரிவு இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எழுத்துகள் 33. ஒரு வாரத்தில் படித்துவிடலாம். கையெழுத்து வடிவத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

உண்மையில் எவ்வளவு கடினம்?

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுபவர்கள் ரஷ்யனில் வேலை செய்யும் அளவுக்குத் தேற 44 வாரம், சுமார் 1,100 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கிடுகிறது. அதே பட்டியலில் அதே கடின வரிசையில்தான் தமிழும் இருக்கிறது. நாம் எந்த முயற்சியும் இன்றிப் பெற்றதற்கு மற்றவர்கள் கொடுக்கும் விலை அது. ரஷ்யனுக்கு நாமும் கொஞ்சம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

தமிழ் தெரிந்திருப்பது ஏதாவது உதவுமா?

மிகவும். இதை ஒருவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'நான் மாணவன்' என்பதை ரஷ்யனில் 'யா ஸ்துத்யேன்த்' என்பார்கள். நிகழ்காலத்தில் 'இரு' என்ற வினை வராது. நமக்கும் வராது. 'எனக்கு இருபது வயது' என்பது 'ம்ன்யே த்வாத்ஸத் லியெத்'. 'ம்ன்யே' என்றால் 'எனக்கு'. 'எனக்குக் குளிர்கிறது', 'எனக்குப் பிடிக்கிறது' என்பவற்றிலும் அதே 'எனக்கு'தான், அதே நான்காம் வேற்றுமை. உணர்கிறவரை எழுவாயாக வைக்காமல் 'கு' உருபோடு நிறுத்துவது பல மாணவர்களுக்கு விசித்திரமாகத் தெரியும். நமக்கு அது வீட்டு வழக்கம்.

இன்னொன்று. 'மேசை வாங்கினேன்' என்று ஐ இல்லாமல் சொல்கிறோம். 'மாணவன் பார்த்தேன்' என்று சொல்ல மாட்டோம். 'மாணவனைப் பார்த்தேன்' என்றால்தான் ஆயிற்று. ரஷ்யனிலும் ஆண்பால் பெயர்கள் செயப்படுபொருளாக வரும்போது உயிருள்ளவை மட்டும் வடிவம் மாறும், உயிரற்றவை எழுவாய் வடிவிலேயே நிற்கும். நம்முடைய உயர்திணை மனிதரோடு நிற்கிறது. அவர்கள் விலங்கையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இதில் என்னை அசத்திய ஒரு செய்தி: இறந்தவரைக் குறிக்கும் 'மிர்த்வேத்ஸ்' இலக்கணத்தில் உயிருள்ளது, பிணத்தைக் குறிக்கும் 'த்ரூப்' உயிரற்றது. குறிக்கப்படும் உடல் ஒன்றுதான். இலக்கணம் உலகத்தை அப்படியே நகல் எடுப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

எங்கே தமிழ் உதவாது என்றால், உருபுகளைப் பிரிப்பதில். 'புத்தகங்களை' என்பதில் 'கள்' தனி, 'ஐ' தனி. ரஷ்யனில் 'க்நீகமி' என்றால் 'புத்தகங்களால்'. அந்த 'அமி'யில் பன்மை எங்கே, வேற்றுமை எங்கே என்று வெட்ட முடியாது. இரண்டும் உருகி ஒன்றாகிவிட்டன. வேற்றுமைகள் ஆறுதான் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பால், எண், சொல்லின் வகை ஆகியவற்றுக்கேற்ப ஈறுகள் மாறும்.

எல்லோரும் பயமுறுத்துகிற அந்த வினைநோக்கு என்பது என்ன?

ரஷ்யனில் கிட்டத்தட்ட ஒவ்வொரு வினையும் சோடியாக இருக்கும். 'பிஸால்' என்றால் எழுதினான், எழுதிக்கொண்டிருந்தான், எழுதும் வழக்கம் வைத்திருந்தான். 'நபிஸால்' என்றால் எழுதி முடித்தான். முடிந்த முழுமையாகப் பார்க்கிறோமா, உள்ளே நின்று பார்க்கிறோமா என்பதே வேறுபாடு. ரஷ்யர்கள் இதற்கு வைத்த பெயரே 'வீத்', அதாவது தோற்றம், பார்வை.

தமிழர்கள் உடனே 'விடு' என்ற துணைவினையைப் பிடித்துக்கொள்வோம்: 'நபிஸால்' என்றால் 'எழுதிவிட்டான்'. தொடக்கத்தில் இது கைகொடுக்கும். முதலாண்டில் அதை நம்பித்தான் ஒருவரிடம் 'இந்த நாவலைப் படித்திருக்கிறீர்களா?' என்று கேட்க, முடிவைக் காட்டும் வடிவத்தைப் போட்டேன். ஆசிரியர் நிறுத்தி விளக்கினார்: அப்படிக் கேட்டால், 'படிக்கச் சொன்னோமே, முடித்துவிட்டீர்களா?' என்ற தொனி வந்துவிடுமாம். அப்படி ஒரு அனுபவம் உண்டா என்று மட்டும் கேட்பதற்கு, செயல் முடிந்திருந்தாலும் முடிவைக் காட்டாத வடிவமே வர வேண்டும். தமிழில் 'படித்துவிட்டீர்களா', 'படித்திருக்கிறீர்களா' என்று நாம் பிரிப்பதும் ஏறத்தாழ அதே இடத்தில்தான். அன்றிலிருந்து ரஷ்யன் வினையைப் படிக்கும்போது 'விடு'வோடு 'இரு'வையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

முடிவைக் காட்டும் வினைக்கு நிகழ்காலமே கிடையாது. நிகழ்கால ஈறுகளைச் சேர்த்தால் எதிர்காலப் பொருள் வந்துவிடும். நடந்துகொண்டிருக்கிற ஒன்றை முடிந்த முழுமையாகப் பார்க்க முடியாதே.

மொழியியல் படிப்பதால் ரஷ்யன் சுலபமாகுமா?

பேச்சு சுலபமாகாது, அதற்குப் பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் மனப்பாடம் செய்யச் சொன்ன விதிவிலக்குகளுக்குக் காரணம் தெரிந்துவிடும்.

தூக்கத்துக்கு 'சோன்' என்று பெயர். 'தூக்கத்தின்' என்றால் 'ஸ்னா'. நடுவில் இருந்த ஓகாரத்தைக் காணோம். நாள் என்பது 'த்யேன்', 'நாளின்' என்பது 'த்ன்யா'. இங்கே ஏகாரத்தைக் காணோம். பாடநூல் இவற்றை 'ஓடிப்போகும் உயிர்கள்' என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். வரலாற்று மொழியியல் வகுப்பில்தான் விடை கிடைத்தது. பழைய ஸ்லாவிய மொழியில் இரண்டு மிகக் குறுகிய உயிர்கள் இருந்தன. ஒன்று குறுகிய உகரம் போன்றது, மற்றது குறுகிய இகரம் போன்றது. சொல்லின் இறுதியிலிருந்து எண்ணினால் முதலாவதாக நின்றது உதிர்ந்தது, இரண்டாவதாக நின்றது வலுத்து முழு உயிரானது. தூக்கத்துக்கான பழைய சொல்லில் அப்படிப்பட்ட உகரங்கள் இரண்டு. கடைசி உகரம் உதிர்ந்தது, முன்னது ஓகாரமானது: 'சோன்'. ஆறாம் வேற்றுமையில் கடைசி இடத்தில் முழு ஆகாரம் வந்து நிற்கிறது. மிஞ்சிய ஒரே குறுகிய உகரம் முதலாவதாக எண்ணப்பட்டு உதிர்ந்தது: 'ஸ்னா'.

கரும்பலகையில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சட்டென்று உறைத்தது: நம் இலக்கணத்தில் இவற்றுக்குப் பெயரே இருக்கிறது. குற்றியலுகரம், குற்றியலிகரம். ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைந்த உகரம், 'பந்து + ஆட்டம்' என்று உயிர் வந்து சேர்ந்ததும் இடம் விட்டுப் போய் 'பந்தாட்டம்' ஆகிறது. இரண்டு மொழிகளுக்கும் இதில் உறவு கிடையாது. ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளவும் இல்லை. குறுகிய உயிர் எங்கும் பலவீனமானது, அவ்வளவுதான். தொல்காப்பியர் அந்தக் குறுக்கத்தைக் காதால் கேட்டுப் பெயர் வைத்தார் என்பதன் அருமை எனக்கு ஒரு ரஷ்யச் சொல்லின் வழியாகத்தான் புரிந்தது.

உச்சரிப்பு?

அழுத்தம்தான் பெரிய சிக்கல். எந்த அசையில் அழுத்தம் விழும் என்பதை எழுத்து காட்டாது, அழுத்தமில்லாத அசையில் ஓகாரம் அகரம் போல மங்கிவிடும். பாலுக்கான சொல்லில் மூன்று ஓகாரம் எழுதுகிறோம், சொல்வது 'மலகோ'. அழுத்தம் இடம் மாறினால் பொருளும் மாறும்: 'ப்லாசு' என்று முதலசையில் அழுத்தினால் 'அழுகிறேன்', இரண்டாம் அசையில் அழுத்தினால் 'பணம் கட்டுகிறேன்'. புதுச்சொல் ஒவ்வொன்றையும் அழுத்தக்குறியோடு எழுதிவைத்துப் படியுங்கள். நான் முதலாண்டில் சோம்பேறித்தனமாக விட்டதை மூன்றாம் ஆண்டில் உட்கார்ந்து திருத்த வேண்டியிருந்தது.

எந்தெந்த அறிஞர்களின் பெயர் அடிக்கடி வரும்?

போலந்துக்காரரான போதுவென் தெ கூர்த்தனே 1870களில் கசான் நகரில் கற்பித்தபோது, மாணவர் க்ருஷெவ்ஸ்கியோடு சேர்ந்து ஒலியன் என்ற கருத்துக்கு உரு கொடுத்தார். ரோமன் யாகொப்சன் 1915இல் மாஸ்கோ மொழியியல் வட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1926இல் பிராக் மொழியியல் வட்டத்தைத் தொடங்கியவர்களிலும் இருந்தார். போர்க்காலத்தில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். ஒலியனியல் பற்றிய த்ருபெத்ஸ்கோயின் பெருநூல் அவர் மறைந்த மறு ஆண்டு, 1939இல் வெளிவந்தது.

எனக்கு மிகவும் நெருக்கமானவர் ரஷ்ய மொழியியலாளர் அந்த்ரேய் ஸலிஸ்ன்யாக். 1977இல் வந்த அவருடைய இலக்கண அகராதி, சுமார் ஒரு லட்சம் ரஷ்யச் சொற்கள் ஒவ்வொன்றும் எப்படி ஈறு ஏற்கும் என்பதைக் குறியீடுகளால் சொல்கிறது. இன்னொரு பக்கம், ரஷ்யாவின் பழைய நகரான நோவ்கோரத்தின் பூர்ச்ச மரப்பட்டைக் கடிதங்களை அவர் ஆராய்ந்தார். முதல் கடிதம் 1951 ஜூலை 26 அன்று மண்ணிலிருந்து வந்தது. இதுவரை 1,100க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. கடன் பாக்கி, கல்யாணப் பேச்சு, ஓன்ஃபிம் என்ற சிறுவன் 13ஆம் நூற்றாண்டில் எழுத்துப் பழகிய பட்டைகள், அவன் கிறுக்கிய படங்கள் எல்லாம் அதில் உண்டு. படிப்பறிவு குறைந்தவர்களின் எழுத்துப்பிழைகள் என்று பலர் ஒதுக்கியவற்றை ஸலிஸ்ன்யாக் எடுத்துப் பார்த்து, அவை ஒழுங்கான ஒரு வட்டார வழக்கின் சான்றுகள் என்று காட்டினார். பிழை என்று முத்திரை குத்துமுன் அதில் ஒழுங்கு இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் எனக்கு அவரைப் படித்து வந்தது.

ரஷ்ய மொழியியலில் தமிழுக்கு இடம் உண்டா?

உண்டு, நல்ல இடம். 1960இல் மாஸ்கோவில் பியத்திகோர்ஸ்கியும் ரூதினும் தொகுத்த தமிழ்–ரஷ்ய அகராதி வெளிவந்தது. மிகயீல் அந்த்ரோனவ் தமிழுக்கும் மற்ற திராவிட மொழிகளுக்கும் இலக்கணங்கள் எழுதினார். மாயன் எழுத்தைப் படிக்கும் வழியை 1952இல் முன்வைத்த யூரி க்னோரஸவின் குழு, 1960களில் சிந்து எழுத்துகளைக் கணினியால் ஆராய்ந்து, அந்த மொழியின் அமைப்பு திராவிட மொழிகளோடு பொருந்துகிறது என்று சொன்னது. அந்த எழுத்துகள் இன்னும் படிக்கப்படவில்லை. ஆனால் அந்த வாதத்தை அவர்கள் எழுதிய மொழியிலேயே படித்து எடைபோட ரஷ்யன் வேண்டும்.

இரண்டையும் சேர்த்தால் சுமை தாங்குமா?

சுமையின் தன்மை வேறு வேறு. ரஷ்யன் தினமும் ஒரு மணி நேரம் கேட்கும். ஒரு வாரம் விட்டால் இரண்டு வாரம் பின்னால் போவீர்கள். மொழியியல் இடையிடையே நீண்ட நேரம் கேட்கும்: ஒரு மொழிப் புதிரை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்கார வேண்டும். இரண்டு துறைகளும் தேர்வையும் கட்டுரையையும் ஒரே வாரத்தில் வைப்பது சகஜம், ஒரு துறைக்கு மற்றதன் நாட்காட்டி தெரியாது. தேதிகளைப் பருவத் தொடக்கத்திலேயே எடுத்து இரு பக்கமும் பேசிவிடுங்கள்.

வெளிநாட்டில் தங்கிப் படிக்கிற ஆண்டு உண்டா? இப்போது எங்கே அனுப்புகிறார்கள்?

பல பட்டங்களில் உண்டு. 2022இல் உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடுத்த பிறகு மேற்கு நாடுகளின் பல பல்கலைக்கழகங்கள் ரஷ்யாவுக்கு மாணவர்களை அனுப்புவதை நிறுத்தின. கசக்ஸ்தான், கிர்கிஸ்தான் போன்ற நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கின. கிர்கிஸ்தானில் ரஷ்யன் அரசமைப்பில் இடம்பெற்ற அலுவல் மொழி. மொழியியல் மாணவருக்கு இதில் தனி லாபம் இருக்கிறது: ஒரே பேருந்தில் ஒரே வாக்கியத்துக்குள் துருக்கிய மொழி ஒன்றும் ரஷ்யனும் கலந்து வருவதைக் கேட்கலாம். ரஷ்யன் ஓர் அரசின் சொத்து அல்ல, போரை வெறுக்கும் கோடிக்கணக்கானவர்களின் தாய்மொழியும் அதுதான். அதே நேரம் அந்த மொழி எப்படி இவ்வளவு தூரம் பரவியது, எந்த மொழிகளை ஒதுக்கியது என்பதையும் படியுங்கள்.

கணிதமும் கணினியும் வேண்டுமா?

சேர்வதற்கு அவை தேவையில்லை. போகப்போகக் கொஞ்சம் தர்க்கம், கொஞ்சம் புள்ளியியல் வரும். அவற்றுக்குப் பயந்து நல்ல பாடங்களைத் தவிர்க்காதீர்கள்.

ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம்?

இரண்டு துறையும் ஒப்புக்கொள்ளும் தலைப்பாக இருக்கட்டும். பிராட் என்ற இலவச மென்பொருளில் 'மலகோ'வின் மூன்று உயிர்களையும் பல பேச்சாளர்களிடம் பதிந்து நீளத்தை அளக்கலாம். 2004 முதல் இணையத்தில் திறந்திருக்கும் ரஷ்யத் தேசியச் சொல்லடைவுத் தொகுப்பில் (தேடிப் பார்க்கக்கூடிய உரைகளின் பெருந்தொகுப்பு) ஒரு வினைச்சோடியைத் தேடி, எங்கே எது வருகிறது என்று எண்ணலாம். 'எனக்கு' வாக்கியங்களைத் தமிழிலும் ரஷ்யனிலும் ஒப்பிட்டு ஒருவர் முழு ஆய்வேடு எழுதினால் நான் ஆசையோடு வாசிப்பேன்.

வேலை?

இந்தப் பட்டம் நேராக ஒரு நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைக்காது. மொழிபெயர்ப்பு, கற்பித்தல், அகராதித் தொகுப்பு, பேச்சை உணரும் மென்பொருள் ஆகிய இடங்களில் இந்தப் படிப்புக்கு மதிப்பு உண்டு. பேச்சுச் சிகிச்சைக்கு மேற்கொண்டு தனித் தகுதி வேண்டும். ரஷ்யன் திறனைக் காட்ட, அடிப்படையிலிருந்து தாய்மொழியாளர் அளவு வரை ஆறு படிகள் கொண்ட ரஷ்ய அரசுத் தேர்வு இருக்கிறது. வேலைக்கு மூன்றாவது, நான்காவது படியாவது எட்டியிருப்பது நல்லது.

சேருமுன் என்ன செய்து வைக்கலாம்?

33 எழுத்தைப் படித்துவிடுங்கள். பிறகு மொழியியல் ஒலிம்பியாட் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். இந்தப் போட்டி 1965இல் மாஸ்கோவில் பள்ளி மாணவர்களுக்காகத் தொடங்கியது. 2003 முதல் உலக அளவிலும் நடக்கிறது. கேள்விப்படாத ஒரு மொழியில் சில வாக்கியங்களும் அவற்றின் பொருளும் கொடுத்திருப்பார்கள். மிச்சத்தை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். அந்த மொழி தெரிந்திருக்கத் தேவையில்லை. பழைய கணக்குகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விடையைப் பார்க்காமல் ஒரு கணக்கோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எழுந்திருக்க மனம் வரவில்லை என்றால் விண்ணப்பத்தை அனுப்பலாம்.